தகடு எட்டல

ஏனுங்க, கால சித்தெ அக்கட்ட நகத்திக்குங்க, எண்ணெ சொட்டுது. காகிதம் ரெண்டு சுத்து சுத்தித்தான் எடுத்தாந்தேன், இருந்தாலும் கசியுது. உங்க வேட்டியில பட்டா சோப்புப் போட்டாலும் போகாதுங்க. அன்னூருங்களா போறீங்க? சரி சரி. நான் கோயில்பாளையம். நல்லா உக்காருங்க.

என்னன்னு பாக்கறீங்க. பாருங்க, தப்பில்ல. திருட்டுச் சாமான் இல்லீங்க, கம்பெனிச் சாமான். வெசாரணைக்குக் கொண்டாரச் சொன்னாங்க. காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போறேன். மத்தியானம் மிசினுல மாட்டோணும். இதுக்குப் பேரு ரோலர் கிளட்ச்சு. என்ற பேரு சென்னியப்பன், பிட்டரு, இந்த ஒரே கம்பெனியில இருவத்திரண்டு வருசம்.

கையில வாங்கிப் பாருங்க. துணி இருக்குது, தொடச்சுக்கலாம். உள்ள இருக்கறத ஒரு கையில கெட்டியாப் புடிச்சுட்டு, வெளி வளையத்த இந்தப் பக்கம் திருப்புங்க. வருதுங்களா? வராது. உங்க கையையும் சேத்து இழுக்கும். இப்ப அந்தப் பக்கம் திருப்புங்க. வழவழன்னு போகுதா. அவ்வளவுதாங்க இதோட வேல. ஒரு பக்கம் புடிக்கும், மறு பக்கம் உட்டுரும்.

இதுல பல்லு கெடையாது. சைக்கிள்ல பின் சக்கரத்துக்கு இருக்கறதுன்னா உள்ள பல்லு இருக்கும், சும்மா உருட்டுனா டிக்குடிக்குன்னு சத்தம் போடும். இதுல சத்தமே வராது. உள்ள எட்டு உருளைங்க, சுண்டு வெரல் நுனி அளவுதான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் ஒரே ஆழம் இல்ல. ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் போகப் போக மேடேறும். வளையம் இந்தப் பக்கம் சுத்துனா உருளை மேட்டுல ஏறி உள்ளதுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல சிக்கிக்கும். மேட்டுல நிக்கற லாரிச் சக்கரத்துக்குக் கல்லு குடுக்கறோமில்லீங்க, அது மாதிரி. எவ்வளவு பலமா இழுக்கறீங்களோ அவ்வளவு கெட்டியாப் புடிக்கும். அந்தப் பக்கம் சுத்துனா உருளை பள்ளத்துல எறங்கிரும், ரெண்டு வளையத்துக்கும் சம்பந்தமே இல்லாமப் போயிரும். ஒவ்வொரு உருளைக்குப் பின்னாடியும் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்குது. உருளைய எப்பவும் மேட்டோரமாவே தள்ளி வெச்சிருக்கோணும், அதுக்குத்தான் அது. கூப்பிட்ட ஒடனே புடிக்கோணுமில்ல.

பம்பு மோட்டாருக்குள்ள தகடு அடுக்கியிருப்பாங்க, பாத்திருப்பீங்க. அந்தத் தகட்ட வெட்டறது நாங்க. இது நாலாம் நம்பர் பிரஸ்ஸுது. தகடு ஒரு பக்கம் சுருளா இருக்கும். பிரஸ்ஸோட கை ஒண்ணு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். முன்னுக்கு ஆடறப்ப கிளட்ச்சு புடிச்சு, தகட்ட நாலு வெரக்கடை உள்ள தள்ளும். பின்னுக்கு ஆடறப்ப உட்டுரும், தகடு நின்ன எடத்துல நிக்கும், மேலருந்து பஞ்ச்சுங்கற வெட்டுளி எறங்கி வெட்டும். நிமிசத்துக்கு அறுவது தட்டு, அறுவது வெட்டு. புடி, உடு, புடி, உடு. நாள் பூரா அதான்.

அதுல உக்காந்திருந்தது சாந்தாமணி. எங்க வீதிதான். நாந்தான் மொதலாளிகிட்டச் சொல்லி வேலைக்குச் சேத்து உட்டேன். முப்பத்திநாலு வயசிருக்கும். ஊட்டுக்காரன் சரியில்ல, அத உடுங்க. நல்ல வேலக்காரி. சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெச்சுக்கும், அதனால எல்லாத்துகிட்டயும் சைகையிலதான் பேச்சு. தண்ணி வேணும்னா ஒரு சைகை, பிட்டரு வேணும்னா எடது கையத் தூக்கி ஒரு ஆட்டு.

எங்க கம்பெனியில ஆயுத பூசைன்னா பெரிய நோம்பிங்க. எல்லா மிசினையும் கழுவித் தொடச்சுப் பொட்டு வெப்போம். எண்ணெ, கிரீஸு வேலையெல்லாம் என்னுது. போன நோம்பிக்கு மொதலாளி ஒரு டப்பா கருப்பு கிரீஸ் வாங்கிக் குடுத்தாரு. லாரிக்குப் போடறது. கண்ணுல எடுத்து ஒத்திக்கலாம், அப்படி இருந்துச்சு. இந்தக் கிளட்ச்சுக்கு ஷிப்டுக்கு நாலு சொட்டு மெல்லிசு எண்ணெ உடோணும்னு மிசின் வந்தப்பவே ஒரு காகிதம் இருந்துச்சு. நாலு சொட்டு எண்ணெய எவன் தெனமும் உட்டுட்டிருக்கறது? தொறந்து, கிரீஸ நல்லா அப்பி மூடுனேன். நல்ல சாமான் நெறையப் போட்டா நல்லதுதானுங்க. போட்டுட்டு, இது ஒரு வருசத்துக்குக் கேக்காதுன்னு சாந்தாமணிகிட்டப் பெருமையாச் சொன்னேன்.

நோம்பி முடிஞ்சு பத்து நாள் இருக்கும். அந்தப் புள்ள வந்து, “அண்ணா, தகடு எட்டலீங்ணா”ன்னுச்சு.

எட்டலீன்னா, நாலு வெரக்கடை வர வேண்டியது மூணரைதான் வந்திருக்குதுன்னு அர்த்தம். வெட்டுன ஓட்டை மேலயே மறுபடி வெட்டு உழுகும். பாதித் தகடு, கால் தகடுன்னு குப்பையாக் கொட்டும். நூறு தட்டுக்கு ஒண்ணு ரெண்டு அப்படி வருதுன்னுச்சு. கழட்டிக் கையில வெச்சுத் திருப்பிப் பாத்தேன். இப்ப நீங்க திருப்புனீங்களே, அதே மாதிரி. ஜம்முனு புடிச்சுது. கிளட்ச்சு நல்லாத்தான் இருக்குது அம்மிணி, நீ தகட்டக் கோணலா உட்டிருப்பன்னு சொல்லி அனுப்பீட்டேன். அடுத்த வாரமும் வந்துச்சு. அதுக்கடுத்த வாரமும். நாலு தடவ வந்துச்சுங்க. நாலு தடவயும் கழட்டிக் கையில திருப்பிப் பாத்தேன். நான் பாக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது.

மொதலாளிகிட்டயும் சொன்னேன். அவுரு போன்ல இருந்தாரு. புதுசு மாத்திரலாமுங்களான்னு கேட்டேன். கையக் காட்டுனாரு, அப்பறம்ங்கற மாதிரி. நானும் வந்துட்டேன். அப்பறம் அவுரும் கேக்கல.

ஆனா அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கப் பாவமா இருந்துச்சு. குப்பை ஜாஸ்தியானா சூப்பர்வைசர் எல்லாத்துக்கும் முன்னாடி நிக்க வெச்சுப் பேசுவான். சரி, இங்க வா அம்மிணின்னு பக்கத்துல நின்னு நாந்தான் காட்டிக் குடுத்தேன். பாரு, பஞ்ச் மேல போறப்ப, ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் ஒண்ணாச் சேத்துத் தகட்டு ஓரத்துல ஒரு தட்டு. இப்படி. தட்டுன ஒடனே எடுத்துரு. அவ்வளவுதான். எனக்கு இருவத்திரண்டு வருசமாச்சு, பத்து வெரலும் இருக்குது பாருங்க. முன்னாடி ஒரு கம்பி வலை மாட்டியிருந்துச்சு. அது இருந்தா வெரல் உள்ள போகாது. அதையும் நானே கழட்டிச் செவுத்தோரமாச் சாச்சு வெச்சுக் குடுத்தேன். நல்ல காலமுங்ணா நீங்க இருந்தீங்கன்னுச்சு. அன்னிக்கு அது கொண்டாந்த தக்காளிச் சோத்துல எனக்குப் பாதி.

தை மாசம், ஒரு வெள்ளிக்கெழம, பதினொண்ணேகால் மணி இருக்கும். நான் அந்தக் கோடியில கிரைண்டர்ல நின்னுட்டிருந்தேன். சத்தம் ஒண்ணும் கேக்கலீங்க. அந்தப் புள்ள கத்தவே இல்ல. பிரஸ்ஸு பாட்டுக்கு ஓடீட்டிருந்துச்சு. திரும்பிப் பாத்தா, எந்திரிச்சு நின்னுட்டு எடது கையத் தூக்கி ஆட்டுது. எப்பவும் கூப்பிடற மாதிரிதான். தகடு எட்டலன்னு கூப்பிடுதுன்னு நெனச்சுட்டேன். வாரேன் வாரேன்னு நானும் கையக் காட்டிட்டு, புடிச்சிருந்த வேலைய முடிச்சுட்டுத்தான் போனேன். ஒரு நிமிசம் இருக்குமுங்க. ஒண்ணரை இருக்கும்.

ரெண்டு வெரலு. வலது கையில.

ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் போகல. பஞ்ச் வந்து உக்கார்ற அச்சு, டைன்னு சொல்லுவோம், அதக் கழுவோணுமில்ல, பொழுதோட ஓட்டியாகோணும்னு சொல்லீட்டாங்க. மண்ணெண்ணெ ஊத்திக் கழுவுனேன். வேற யாரும் பக்கத்துல வரல. கழுவி மாட்டிட்டு ஊட்டுக்குப் போயி, கை காலெல்லாம் கழுவிட்டுச் சோறு உண்டேன். என்ற ஊட்டுக்காரி, கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன், நீங்க ஒண்ணுமே சொல்லாம உண்கறீங்களேன்னா. எனக்குத் தெரியலீங்க. அன்னியிலிருந்து அப்படித்தான். அழுகையும் வரல, தூக்கமும் கெடல. தூங்கறேன், எந்திரிக்கறேன், வேலைக்குப் போறேன். கையில சுத்தியல் பட்டாக்கூட அப்பறமாத்தான் தெரியுது.

வெசாரணைன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, மிசின் மேல தப்பா, அந்தப் புள்ள மேல தப்பாங்கறதுதான். மிசின் மேலன்னா கம்பெனி அதுக்கு நஷ்டஈடு குடுத்து, அந்தக் கையோட செய்யற மாதிரி ஒரு வேலையும் குடுக்கோணும். அது மேலன்னா ஊட்டுக்குத் தாட்டி உட்டுருவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குது. மூத்தது ஏழாவது. மொதலாளி நேத்து என்னக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு சென்னியப்பான்னு. மெரட்டவெல்லாம் இல்லீங்க. நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுத்துத்தான் சொன்னாரு.

வெசாரணை ஆபீசருக்குக் காட்டறத அழுக்கோட எப்படிக் கொண்டு போறதுன்னுட்டு, நேத்துப் பொழுதோட இதப் பிரிச்சேன். நோம்பிக்கு அப்பறம் இப்பத்தான் பிரிக்கறேன். உள்ள கிரீஸு களியாட்டம் கெட்டியாகிக் கெடந்துச்சு. உருளையெல்லாம் அதுலயே ஒட்டீட்டு நிக்குது, வெரலால தள்ளுனாத்தான் நகருது. ஸ்பிரிங் பாவம் அத்தனூண்டு, அது எங்க தள்ளறது. எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவித் தொடச்சு, நாலு சொட்டு மெல்லிசு எண்ணெ உட்டேன். உட்டுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மாட்டி ஓட்டிப் பாத்தேன். இருநூறு தட்டு. நானே நின்னு எண்ணுனேன். ஒண்ணுகூட எட்டாமப் போகலீங்க. இன்னொரு இருநூறு ஓட்டுனேன். எல்லாம் நாலு வெரக்கடை, அளந்து வெச்ச மாதிரி.

கையில மெதுவாத் திருப்புனா கிரீஸு இருந்தாலும் புடிக்கத்தான் செய்யும். நிமிசத்துக்கு அறுவது தட்டுல உருளை வந்து சேர்றதுக்குள்ள பிரஸ்ஸோட கை ஆடி முடிஞ்சிருது, அதான் எட்டல. நாலு தடவையும் நான் கையிலயேதான் பாத்திருக்கறேன். பிட்டருன்னு பேரு.

மிசின நிறுத்திட்டு, மறுபடியும் கழட்டிக் காகிதத்துல சுத்துனேன்.

இன்னிக்கு ஆபீசர் இதக் கையில வாங்குனாரு. அந்த மிசினுல இருந்தது இதுதானாய்யான்னாரு. இதேதானுங்கன்னேன். திருப்பிப் பாத்தாரு. இந்தப் பக்கம் புடிச்சுது, அந்தப் பக்கம் உட்டுது. நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக்கிட்டாரு. முன்னாடி கம்பி வலை இருந்துச்சான்னு கேட்டாரு. இருந்துச்சுங்கன்னேன். இருந்துச்சு, செவுத்துல சாஞ்சிருந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு அவுரு கேக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தகூடப் பொய் கெடையாதுங்க.

அப்பறம் அந்தப் புள்ளையக் கேட்டாரு. உள்ள கைய உடச் சொல்லி யாராவது சொன்னாங்களாம்மான்னு. நான் தலையக் குனிஞ்சுட்டேன். சொல்லீரும், சொல்லட்டும்னு நின்னேன். அது என்னப் பாக்கல. எதுத்தாப்புல ஒரு காலண்டர் தொங்குச்சு, அதப் பாத்துட்டு, நானாத்தானுங்க வெச்சேன்னுச்சு. கவனக்குறைவுன்னு எழுதிப் படிச்சுக் காட்டுனாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. எடது கையில போட்டுது. ரொம்ப நேரமாச்சுங்க. ஒவ்வொரு எழுத்தா, பள்ளிக்கொடத்துப் புள்ளையாட்டம். நாங்க எல்லாரும் காத்துட்டு நின்னோம்.

எனக்கு அந்தப் புள்ள மேலதாங்க கோவம். சொல்லியிருக்கலாமில்ல? சென்னியப்பண்ணன்தான் காட்டிக் குடுத்தாருன்னு ஒரு வார்த்த. ஆமாங்கன்னு நான் ஒத்துட்டிருப்பேன். கேட்டா மறைக்கற ஆளு இல்ல நான். அது வாயத் தொறக்காம இருந்துட்டு என்னை இப்படி ஆக்கி உட்டுருச்சு.

வெளிய தண்ணிக் கொழாய்கிட்ட நின்னுட்டிருந்துச்சு. பேசாமப் போயிரலாம்னுதான் பாத்தேன். அண்ணான்னு கூப்பிட்டுது. ஏன் அம்மிணி சொல்லலைன்னு கேட்டேன். உங்களுக்கும் வேல போயி என்னங்ணா ஆகப் போகுதுன்னுச்சு. அழுகல, கோவப்படல, சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அப்பறம் “நாலாம் நம்பர்ல இப்ப யாருங்ணா?”ன்னு கேட்டுது.

பேபின்னேன். பேபின்னா கொழந்த இல்லீங்க, அது பேரே பேபி, நாப்பது வயசுப் பொம்பள. சாந்தாமணிக்குப் பதிலா வந்தது.

“அதுக்கும் வெரல்லயே தள்ளிக் காட்டிக் குடுத்திருக்கீங்களா?”

இல்லம்மிணி, அப்பவே நிறுத்தியாச்சுன்னு சொன்னேன். ஆபீசர்கிட்டச் சொல்லாத பொய்ய அந்தப் புள்ளகிட்டச் சொல்லீட்டேன். காட்டித்தான் குடுத்தேனுங்க. மாசி மாசம், பேபி வந்த ரெண்டாம் நாளே. வலையும் இன்னும் செவுத்தோரம்தான் இருக்குது. குப்பை கொட்டுனா பேபியத்தான பேசுவாங்க? பாவமா இருந்துச்சு, காட்டிக் குடுத்தேன். ரெண்டு வெரலு போன மிசினுன்னு நெனப்பே வரலீங்க எனக்கு. நெசமாவே வரல. அந்தப் புள்ள கேட்டப்பத்தான் வந்துச்சு.

சரி, அது போகட்டும், இன்னிக்கு இதக் கழுவுனதக் கொண்டு போயி மாட்டீட்டா இனித் தகடு எட்டும். பேபிக்கு வெரல உடற வேலையே இல்ல. அப்படித்தான் நெனச்சுட்டுப் பஸ் ஏறுனேன். சித்தெ இருங்க, போனு அடிக்குது. பேபிதான்.

ஆ, சொல்லு பேபி. வந்துட்டிருக்கறேன், பஸ்ல. ஒரு மணிக்குள்ள மாட்டிக் குடுத்தர்றேன்னு சொல்லு சூப்பர்வைசர்கிட்ட. பேபி, ஒண்ணு சொல்றேன் கேளு. இனித் தகட்டக் கையில தள்ளாத. எட்டலீன்னா மிசின நிறுத்திப்போட்டு என்னக் கூப்பிடு. ஆமா, நாந்தான் சொன்னேன். இப்ப நாந்தான் வேண்டாங்கறேன். என்னது? சத்தமாச் சொல்லு. ம். ம். சரி. வெச்சுரு.

என்ன சொல்லுதுன்னு கேக்கறீங்களா. சிரிக்குதுங்க. எனக்கு நல்லாப் பழகிப் போச்சுங்ணா, இப்பெல்லாம் நான் எட்டுதா எட்டலையான்னு பாக்கறதே இல்ல, ஒவ்வொரு தட்டுக்கும் வெரலு தானாப் போயிட்டு வந்துருதுங்குது.

ஒவ்வொரு தட்டுக்கும். நிமிசத்துக்கு அறுவதுங்க. கிளட்ச்ச நான் எவ்வளவு கழுவி மாட்டுனாலும் அந்த வெரலு போகுமில்லீங்க. பழகுன கை, சொன்னாக் கேக்காது. அதுக்கு வலைய மாட்டோணும். வலைய மாட்டுனா, இத்தன நாளு எங்கடா இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஆபீசர்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கறேன்.

இது எந்த ஊருங்க? சரவணம்பட்டியா. ஆபீசர் மூணு மணி வரைக்கும் இருப்பேன்னாரு. எதுத்தாப்புலதான திரும்பிப் போற பஸ்ஸு நிக்கும்? அதக் குடுங்க இப்படி, காகிதத்துல சுத்திக்கறேன். போனா என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. ஆனா இது என்ற மடியில இருக்கற வரைக்கும் நாலாம் நம்பர் ஓடாது, அது தெரியும். கண்டக்டரக் கொஞ்சம் நீங்க கூப்பிடுங்க. நான் இங்கயே எறங்கிக்கறேன்.